மெக்கானிக்கல் முடித்து சர்வீஸ் சென்டரில் இருக்கிறேன்: எம்.இ. படிப்பதா, ஏஎம்இ லைசென்ஸ் எடுப்பதா?

திருச்சி_தீனா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரு கார் டீலரின் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறேன். முதலில் சர்வீஸ் அட்வைசர், இப்போது வாரன்டி பிரிவு. வேலை பிடித்திருக்கிறது. ஆனால் இங்கேயே இருந்தால் அதிகபட்சம் ஒர்க்‌ஷாப் மேனேஜர், அதற்கு மேல் வழி தெரியவில்லை.

எனக்கு வண்டியும் பிடிக்கும், விமானமும் பிடிக்கும். ஓட்டுவதோ வடிவமைப்பதோ இல்லை, பழுது பார்ப்பதுதான் பிடிக்கும். அதில் மேற்படிப்பு என்று தேடினால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எம்.இ. ஆட்டோமொபைல் சேரச் சொல்கிறார் என் பேராசிரியர். எம்.இ. ஏரோநாட்டிக்கல் படித்தால் விமான நிறுவனத்துக்குள் போய்விடலாம் என்கிறான் நண்பன். "அதெல்லாம் வேண்டாம், ஏஎம்இ லைசென்ஸ்தான் சோறு போடும்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் (ஏஎம்இ என்றால் விமானப் பராமரிப்புப் பொறியாளர்). அப்பாவுக்கு எம்.இ. என்றால் சந்தோஷம், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாமாம்.

கையில் கொஞ்சம் சேமிப்பு உண்டு. கல்விக் கடன் பெரிதாக வாங்க விருப்பமில்லை. வயது 25. இந்தத் துறையில் இருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

---

ஹேங்கர்_ஹரி

தம்பி, நான் பி1.1 லைசென்ஸ் வைத்திருக்கும் ஏஎம்இ. சென்னையில் லைன் மெயின்டெனன்ஸ், அதாவது பறப்புகளுக்கு நடுவே நிற்கும் விமானத்துக்கான அன்றாடப் பராமரிப்பு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள். விமானத்தில் ஒரு வேலை முடிந்தது, இது பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடும் உரிமையைத் தருவது லைசென்ஸ். பட்டம் இல்லை. எம்.இ. இல்லை, பி.எச்டி. வாங்கினாலும் இல்லை. இந்தியாவில் அதை டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தருகிறது, விதியின் பெயர் சி.ஏ.ஆர். 66. ஐரோப்பாவின் பார்ட் 66 விதியை அச்சாக வைத்து எழுதியது அது. சிறு வேலைகளுக்கு ஏ பிரிவு, எந்திரமும் உடற்பகுதியும் என்றால் பி1, மின்னணுக் கருவிகள் என்றால் பி2. பி1 உள்ளேயே டர்பைன் விமானம் 1.1, பிஸ்டன் விமானம் 1.2, டர்பைன் ஹெலிகாப்டர் 1.3, பிஸ்டன் ஹெலிகாப்டர் 1.4. வேலை அதிகம் இருப்பது 1.1இல்.

தேர்வுகள் மாட்யூல் கணக்கில் வரும். கணிதம், இயற்பியல் என்று பிளஸ் டூ வாசனையில் தொடங்கி, 11ஆவது மாட்யூலில் டர்பைன் விமானத்தின் கட்டமைப்பும் சிஸ்டங்களும், 15இல் கேஸ் டர்பைன் என்ஜின், 17இல் புரொப்பெல்லர். தேர்ச்சிக்கு 75 விழுக்காடு வேண்டும். 74 வாங்கினால் மறுபடியும் போய் உட்கார வேண்டியதுதான்.

அனுபவமும் வேண்டும். ஒப்புதல் பெற்ற சி.ஏ.ஆர். 147 (பயிற்சிப் பள்ளிகளுக்கான விதி) பள்ளியில் முழுப் பயிற்சி எடுத்தவனுக்கு பி1.1க்கு 2 வருட நடைமுறை அனுபவம். பி1.1 பயிற்சியே 2,400 மணி நேரம். பள்ளிக்குப் போகாமல் வருகிறவனுக்கு அனுபவ வருடங்கள் கூடும்.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் கதை முடியாது. ஏர்பஸ் 320 மாதிரி பெரிய விமானத்தில் கையெழுத்துப் போட அந்த வகைக்கான டைப் ரேட்டிங் வேண்டும். லைசென்ஸ் இருக்கிறது, டைப் இல்லை என்று டெக்னீஷியன் வேலையில் காத்திருக்கும் பையன்கள் நிறைய பேரை எனக்குத் தெரியும். கல்லூரி விளம்பரங்களில் இது வராது.

---

திருச்சி_தீனா

ரொம்ப நன்றி ஹரி அண்ணா. ஒரு சந்தேகம். பட்டம் இருந்தால் லைசென்ஸில் எதுவுமே சலுகை இல்லையா? சி பிரிவு என்று ஒன்று பட்டதாரிகளுக்காகவே இருக்கிறது என்று படித்தேன்.

---

சாங்கி_சேகர்

அரைகுறையாகச் சுற்றி வரும் செய்தி அது. சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். இங்கே விதி எஸ்.ஏ.ஆர். 66, அதுவும் அதே ஐரோப்பியக் குடும்பம்தான்.

சி பிரிவு என்பது பேஸ் மெயின்டெனன்ஸுக்கு. விமானத்தை ஹேங்கருக்குள் இழுத்து வந்து பிரித்துப் போட்டு சி-செக் செய்கிறோமே, அதெல்லாம் முடிந்தபின் மொத்த விமானத்துக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ் கொடுப்பவர் சி பிரிவு ஆள். இதற்கு ஐரோப்பிய விதியில் இரண்டு வாசல். பெரிய விமானத்தில் பி1.1 அல்லது பி2 உரிமையோடு 3 வருடம் வேலை செய்தவர் ஒரு வாசலில் வருவார். தொழில்நுட்பப் பட்டம் வைத்திருப்பவர் 3 வருடம் விமானப் பராமரிப்புச் சூழலில் வேலை பார்த்து, அதில் 6 மாதம் பேஸ் மெயின்டெனன்ஸைக் கூட இருந்து கவனித்துவிட்டு இன்னொரு வாசலில் வரலாம்.

கேட்க நன்றாக இருக்கிறதா? இப்போது பிடி இருக்கும் இடம்: பட்டதாரி வாசலில் வந்தாலும் பி1 அல்லது பி2 அளவுக்கான மாட்யூல் தேர்வுகளை எழுதித்தான் ஆக வேண்டும். அதுவுமில்லாமல், பி1 ஆக ஒரு நாளும் கையெழுத்துப் போடாத ஒருவரிடம் மொத்த விமானத்தின் சான்றிதழை எந்த நிறுவனம் தரும்? காகிதத்தில் வழி உண்டு, நடைமுறையில் அந்த வழியில் வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்புறம், இதற்கு பி.இ.யே போதும். எம்.இ. இருந்தால் ஒரு மாதம்கூடக் குறையாது. விதிகள் திருத்தப்படும், அதனால் இந்திய விதியின் இன்றைய பதிப்பை டிஜிசிஏ தளத்தில் நீங்களே ஒரு முறை படித்துவிடுங்கள்.

---

குரோம்பேட்டை_கவிதா

எம்.ஐ.டி.யில் எம்.இ. ஏரோநாட்டிக்கல் படித்தவள் என்பதால் அந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

1949இல் சி. ராஜம் தொடங்கிய கல்லூரி, ஆரம்பத்திலிருந்தே விமானமும் ஆட்டோமொபைலும் இருக்கிற வளாகம், அப்துல் கலாம் படித்த துறை, எல்லாம் சரி. ஆனால் தீனா, நீங்கள் கேட்பது அங்கே இல்லை. ஏரோடைனமிக்ஸ், கட்டமைப்பு, உந்துவிசை, ஃபைனைட் எலிமென்ட், கம்ப்யூட்டரில் காற்றோட்டக் கணக்கு, இவைதான் பாடம். "இந்தப் போல்ட்டை எத்தனை டார்க்கில் இறுக்குவது" என்று யாரும் கேட்கமாட்டார்கள். "இந்தப் போல்ட் ஏன் 40,000 சுழற்சியில் களைப்படைகிறது" என்று கேட்பார்கள். என் வகுப்பில் படித்தவர்களில் பாதிப் பேர் பெங்களூரில் வடிவமைப்புச் சேவை நிறுவனங்களில் உட்கார்ந்து மாடல் போடுகிறார்கள். ஹேங்கருக்குப் போனவர் எனக்குத் தெரிந்து இல்லை.

எனக்கு அது பிடித்தது, நான் சந்தோஷமாக இருக்கிறேன். விமானத்தைத் தொட்டு வேலை செய்ய ஆசைப்பட்டுச் சேர்ந்த ஒருவர் முதல் செமஸ்டரிலேயே வாடிப்போனதையும் பார்த்தேன்.

பணம் பற்றி: கேட் (எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண்ணோடு ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் உள்ள இடத்தில் முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். கேட் இல்லாமல் அண்ணா பல்கலைக் கல்லூரிகளில் சேர இப்போது சீட்டா பி.ஜி. தேர்வு, முன்பு டான்செட் இருந்த இடத்தில். அதில் சேர்ந்தால் இந்த உதவித்தொகை கிடையாது. கடன் வேண்டாம் என்று நினைப்பவர் கேட் எழுதாமல் எம்.இ. பற்றி யோசிக்கவே கூடாது.

---

சூலூர்_சார்ஜென்ட்

தம்பி, நான் விமானப்படையில் என்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் போஸ்டிங் சூலூர் 5 பி.ஆர்.டி., விமானப்படையின் பழுதுபார்ப்பு நிலையம்.

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். "ஏர்கிராஃப்ட் மெயின்டெனன்ஸ்" என்று பெயர் வைத்த படிப்பெல்லாம் லைசென்ஸுக்குக் கொண்டுபோகாது. பி.எஸ்ஸி. என்று போட்டிருப்பான், டிப்ளமோ என்று போட்டிருப்பான், வாசலில் பழைய விமானம் ஒன்றை நிறுத்தி வைத்திருப்பான். கேட்க வேண்டியது ஒன்றுதான்: சி.ஏ.ஆர். 147 ஒப்புதல் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதி வரை? பட்டியல் டிஜிசிஏ தளத்தில் இருக்கிறது. ஏஜென்ட் காட்டும் ஜெராக்ஸை நம்பாதே. என் அக்கா மகன் சேர்ந்த இடத்தில் இரண்டு வருடப் பணம் கட்டியபின்தான் ஒப்புதல் வேறு பிரிவுக்கு என்று தெரிந்தது.

அப்புறம் உடம்பு. ஜூலை மாதம் தார்மாக்கில் மத்தியானம் இரண்டு மணிக்கு வீல் சேஞ்ச் செய்து பார்த்திருக்கிறாயா? நைட் ஷிப்ட் இல்லாத லைன் வேலை கிடையாது. விமானம் பகலில் பறக்கும், ராத்திரிதான் உன் கைக்கு வரும்.

---

ஓரகடம்_ரவி

விமானக்காரர்களே பேசிக்கொண்டிருந்தால் எப்படி, வண்டிப் பக்கத்திலிருந்தும் யாராவது சொல்ல வேண்டாமா?

எம்.இ. ஆட்டோமொபைல் முடித்து, ஒரு கார் தயாரிப்பு நிறுவனத்தில் சர்வீஸ் இன்ஜினியரிங் பிரிவில் இருக்கிறேன். டீலரிடம் வேலை செய்வது வேறு, இது வேறு. தீனா வாரன்டி கிளெய்ம் போட்டு அனுப்புகிறாரே, அது வந்து விழும் மேசை என்னுடையது.

ஒரு உதாரணம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தது. டீசல் வண்டிகளில் டிபிஎஃப் வந்தது, புகைக்கரியைப் பிடித்து வைத்துப் பிறகு சூடேற்றி எரிக்கும் வடிகட்டி. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியில் அது தானாக எரிந்துவிடும். தினமும் வீட்டிலிருந்து ஆபீஸ், நாலு கிலோமீட்டர், சிக்னல் சிக்னலாக ஓடும் வண்டியில் எரியத் தேவையான சூடே வராது, அடைத்துக்கொள்ளும். டீலர் ஒர்க்‌ஷாப்பில் என்ன செய்வார்கள்? ஸ்கேனர் மாட்டி, கட்டாய ரீஜெனரேஷன் ஓட்டி (அடைத்த கரியை எரித்து), வாடிக்கையாளருக்கு அறிவுரை சொல்லி அனுப்புவார்கள். மூன்று மாதத்தில் அதே வண்டி திரும்ப வரும். எந்த ஓட்டுமுறையில், எந்த எண்ணெய் கலப்பில், எத்தனை கிலோமீட்டரில் வருகிறது என்று ஆயிரக்கணக்கான வண்டிகளின் தரவைப் பிரித்துப் பார்த்து சாஃப்ட்வேரை மாற்றச் சொல்வது எங்கள் வேலை. அதற்கு எம்.இ. உதவியது. எல்லாப் பாடமும் இல்லை, எமிஷனும் கண்ட்ரோல் சிஸ்டமும் உதவின. மற்றதை மறந்துவிட்டேன்.

மின்வண்டி வந்தபின் இன்னும் கூடியிருக்கிறது. ஆரஞ்சு நிற கேபிளைப் பார்த்தாலே கையை எடு என்று முதல் நாளே மெக்கானிக்கிடம் சொல்கிறோம், 400 வோல்ட் அதில் இருக்கும். பேட்டரியில் எந்த செல் ஏன் சீக்கிரம் தளர்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் மின்வாகனத்துக்கென்றே முதுநிலைப் படிப்புகள் வந்துவிட்டன. எங்கள் ஓரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. வாகனச் சோதனை மையம் இருக்கிறது. விமானம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காவிட்டால் தமிழ்நாட்டில் இருந்துகொண்டே வளர இதில் வாய்ப்பு அதிகம்.

அரசு வேலை ஆசை இருந்தால்: மோட்டார் வாகன ஆய்வாளர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. கேட்பது ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ, ஒர்க்‌ஷாப் அனுபவம், கனரக வாகன உரிமம். எம்.இ. கேட்கவே இல்லை.

---

மழைநகர்_மணி

தாமதமாக வருகிறேன். மான்செஸ்டரில் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங் அண்ட் அசெட் மேனேஜ்மென்ட் எம்.எஸ்ஸி. படித்தேன். அதற்கு முன் ஊரில் பேருந்துப் பணிமனையில் பயிற்சி. இப்போது ஒரு விமான நிறுவனத்துக்குப் பராமரிப்புத் திட்டம் போடும் பிரிவில் இருக்கிறேன். லைசென்ஸ் கிடையாது, ஸ்பேனர் பிடிப்பதில்லை.

இழை முழுக்க "ஆட்டோமொபைலா, ஏரோநாட்டிக்கலா" என்றே போகிறது. தீனா கேட்டது இரண்டும் இல்லை. அவர் கேட்டது பராமரிப்பு. அது தனிப் பாடம். வண்டிக்கும் விமானத்துக்கும் ரயிலுக்கும் காற்றாலைக்கும் பொது. எப்படிக் கழற்றுவது என்பதில்லை அதன் கேள்வி. எதை, எப்போது கழற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதுதான்.

இந்தப் பாடத்துக்கு ஆணிவேர் 1978இல் வந்த ஓர் அறிக்கை. யுனைடெட் ஏர்லைன்ஸின் நோலன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதியது. அதற்கு முன் எல்லோரும் நம்பியது: பாகத்துக்கு வயதானால் கெடும், ஆகவே குறித்த மணி நேரத்தில் கழற்றிப் பிரித்து ஓவர்ஹால் செய்தால் பத்திரம். இவர்கள் விமானப் பாகங்களின் செயலிழப்புத் தரவை எடுத்து வரைந்து பார்த்தார்கள். வயதாக ஆகப் பழுது கூடும் பாகங்கள் வெறும் 11 விழுக்காடு. மீதி 89இல் குறித்த வயதில் கழற்றுவதால் பயனே இல்லை. மொத்தத்தில் 68 விழுக்காடு, பொருத்திய புதிதில் அதிகம் கெட்டு, அந்தக் காலம் தாண்டினால் அப்புறம் சீராக ஓடுபவை. அதாவது நல்லபடி ஓடுவதைக் கழற்றி ஓவர்ஹால் செய்து மாட்டினால் பழுதுக்கான வாய்ப்பை நாமே கூட்டுகிறோம்!

இதன் விளைவைக் கேளுங்கள். பழைய முறையில் டிசி-8 விமானத்துக்குக் குறித்த காலத்தில் ஓவர்ஹால் செய்ய வேண்டிய பாகங்கள் 339. புதிய முறையில் திட்டம் போட்ட டிசி-10க்கு 7. டிசி-8இல் 20,000 பறப்பு மணி நேரத்துக்குள் பெரிய கட்டமைப்புச் சோதனைகளுக்கு 40 லட்சம் ஆள்மணி செலவானது. அதைவிடப் பெரிய 747க்கு 66,000. பாதுகாப்பு குறையவில்லை. இன்று எல்லாப் பெரிய விமானங்களின் பராமரிப்புத் திட்டமும் எம்.எஸ்.ஜி.-3 என்ற தர்க்கத்தில் போடப்படுகிறது, அதுவும் இந்த வம்சம்தான்.

ஹரி போன்றவர்கள் கையில் ராத்திரி வந்து சேரும் டாஸ்க் கார்டு (செய்ய வேண்டிய வேலையை எழுதிய தாள்) எங்கிருந்து வருகிறது என்றால் இங்கிருந்துதான். அதை எழுத, மாற்ற, இடைவெளியைக் கூட்டக் குறைக்க ஆட்கள் வேண்டும். மேற்படிப்பு அங்கே உதவும். மான்செஸ்டர் ஒன்று. ஸ்வீடனில் லூலியோ பல்கலைக்கழகத்தில் பராமரிப்புக்கென்றே துறை இருக்கிறது. லண்டனில் சிட்டி பல்கலையில் ஏர்கிராஃப்ட் மெயின்டெனன்ஸ் மேனேஜ்மென்ட் எம்.எஸ்ஸி., வேலையில் இருப்பவர்களை மனதில் வைத்து நடத்துவது. பிரான்ஸில் துலூஸில் விமானப் பாதுகாப்பு, பறப்புத் தகுதி பற்றிய உயர்படிப்பு ஒன்று. நம் நாட்டில் ஐ.ஐ.டி. கரக்பூரில் தரம், நம்பகத்தன்மைக்குத் தனிப் பள்ளி இருக்கிறது. கடன் வேண்டாம் என்றால் அதைப் பாருங்கள்.

---

ஹேங்கர்_ஹரி

மணி சொன்னது நன்றாக இருக்கிறது. ஆனால் ஆபீஸில் உட்கார்ந்து இடைவெளி நீட்டுபவர்களிடம் எனக்கு ஒரு பழைய வருத்தம். ஒரு மணி நேரம் என்று கார்டில் எழுதியிருப்பார்கள். அந்தப் பேனலுக்கு முன்னால் ஒரு டக்ட் இருக்கும், அதைக் கழற்றவே ஒன்றரை மணி. எழுதியவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று கார்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தப்பு நடந்தால் மாட்டுவதும் கையெழுத்துப் போட்டவன்தான். 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. பர்மிங்ஹாமிலிருந்து மலாகா போன விமானம். நடுவானில் கேப்டன் பக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது, கேப்டன் பாதி உடம்பு வெளியே. பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார், கேப்டன் பிழைத்தார். காரணம், அதற்கு முந்தைய நாள் ராத்திரி ஷிப்டில் மாட்டிய கண்ணாடி. 90 போல்ட்டில் 84 கொஞ்சம் ஒல்லி, மீதி 6 கொஞ்சம் குட்டை. பழைய போல்ட்டை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்திருக்கிறார். மாட்டியவர் புதுப் பையன் இல்லை, ஷிப்ட் மேனேஜரே. இதற்கு எந்த எம்.எஸ்ஸி. உதவியிருக்கும்?

---

மழைநகர்_மணி

ஹரி, அந்த விசாரணை அறிக்கையை நான் பாடமாகவே படித்தேன். அதில் கையெழுத்துப் போட்டவரோடு விஷயம் முடியவில்லை. ஸ்டோரில் சரியான போல்ட் போதுமான எண்ணிக்கையில் இல்லை. ஆள் குறைவான ராத்திரி. வெளிச்சம் குறைவான இடத்தில் போல்ட் தேடல். கைக்கு எட்டாத கோணத்தில் வேலை. அந்த வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி கிடையாது. இதில் இன்னொன்று: கழற்றிய பழைய போல்ட்டுகளே பெரும்பாலும் தவறான நீளம். அவர் தவறான ஒன்றை வைத்துக்கொண்டு சரியானதைத் தேடியிருக்கிறார்.

அவரை மட்டும் நீக்கிவிட்டு ஸ்டோரையும் ஷிப்டையும் அப்படியே விட்டிருந்தால் அடுத்த ராத்திரி வேறொருவர் அதே வேலையைச் செய்திருப்பார். இன்று நீங்கள் எழுதும் 9ஆவது மாட்யூல், மனிதக் காரணிகள், இந்த மாதிரி அறிக்கைகளிலிருந்துதான் பிறந்தது. அதை யாரோ உட்கார்ந்து ஆராய்ந்து எழுதியதால் உங்கள் கைக்கு வந்தது.

டக்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். எங்கள் பிரிவில் லைசென்ஸ் எடுத்து, ஹேங்கரில் வேலை செய்து, பிறகு எம்.எஸ்ஸி. படித்து வந்தவர்கள் இருவர். அவர்கள் எழுதும் கார்டில் அந்தத் தவறு வராது.

---

ஹேங்கர்_ஹரி

அப்படிச் சொன்னால் சரி. அந்த வரிசையில் வருபவர்கள் மேல் எனக்குச் சண்டை இல்லை.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். 2023இல் பிராட் அண்ட் விட்னி ஜி.டி.எஃப். என்ஜின் பாகங்களைச் செய்த உலோகத் தூளில் குறை என்று தெரியவந்து, உலகம் முழுக்க என்ஜின்களை இறக்கிச் சோதிக்க வேண்டி வந்ததே, அப்போது எந்த என்ஜினை எந்த வாரம் இறக்குவது, எது இன்னும் எத்தனை சுழற்சி ஓடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் பிளானிங் ஆட்கள்தான். நாங்கள் இறக்கி ஏற்றினோம், அவ்வளவுதான்.

---

தோஹா_தங்கம்

வளைகுடா ஆசை உள்ளவர்களுக்கு ஒரே வரி: இந்திய லைசென்ஸை அப்படியே இங்கே ஏற்கமாட்டார்கள், அந்தந்த நாட்டு அங்கீகாரம் வேண்டும். ஐரோப்பிய பார்ட் 66 இருந்தால் பாதை எளிது. விசாவில் நல்ல பதவிப் பெயர் வர பட்டச் சான்றிதழ், அதற்குத் தூதரக முத்திரை எல்லாம் கேட்பார்கள். அந்த இடத்தில் உங்கள் பி.இ. வேலை செய்யும். எம்.இ.யை யாரும் கேட்டதில்லை.

---

சூலூர்_சார்ஜென்ட்

தீனா தம்பி, வாரன்டி மேசையில் இருந்துகொண்டு ஹேங்கர் உனக்கு ஒத்துவருமா என்று எப்படித் தெரியும்? ஓசூரில் ஏர் ஒர்க்ஸ் ஹேங்கர் இருக்கிறது, திருவனந்தபுரத்தில் ஏ.ஐ. இன்ஜினியரிங் சர்வீசஸ் (முன்பு ஏர் இந்தியா இன்ஜினியரிங் சர்வீசஸ்) இருக்கிறது. மெக்கானிக்கல் பட்டதாரிக்கு டெக்னீஷியன், பிளானிங் உதவியாளர், ஸ்டோர் என்று ஏதாவது ஆள் எடுக்கிறார்களா என்று விசாரி. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவாக இருக்கலாம். ஒப்புதல் பெற்ற இடத்தில் லாக்புக்கில் ஏறும் அனுபவம் அங்கேதான் கிடைக்கும். கார் ஒர்க்‌ஷாப் அனுபவத்தை லைசென்ஸுக்கு அப்படியே எண்ணமாட்டார்கள்.

---

திருச்சி_தீனா

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

எம்.இ. ஏரோநாட்டிக்கலை விட்டுவிட்டேன். கவிதா அக்கா சொன்னபின் பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன், அது எனக்கானது இல்லை. ஏஎம்இ பள்ளியில் முதலிலிருந்து சேரவும் மனமில்லை, சேமிப்பு முழுதும் போய்விடும். கேட் எழுதி கரக்பூர் முயல்கிறேன், கிடைக்காவிட்டால் எம்.ஐ.டி. ஆட்டோமொபைல். நடுவில் சார்ஜென்ட் ஐயா சொன்ன இடங்களுக்கும் விண்ணப்பம் போட்டு வைக்கிறேன். அப்பாவிடம் எம்.டெக். என்று சொன்னதும் "அது எம்.இ.யைவிடப் பெரிசா?" என்று மட்டும் கேட்டார்.

மணி அண்ணா சொன்ன 68 விழுக்காடு தலையிலேயே நின்றுவிட்டது. எங்களிடம் வந்த ஏசி கம்ப்ரஸர் கிளெய்ம்களை வைத்து, கிலோமீட்டர் வாரியாக எக்செலில் வெய்புல் வரைபடம் (பாகம் எந்த வயதில் கெடுகிறது என்று காட்டுவது; பீட்டா என்பது அதன் சரிவு எண்) போட்டுப் பார்த்தேன். இணையத்தில் பார்த்துக் கற்றதுதான். பீட்டா 2க்கு மேல் வருகிறது. அப்படியென்றால் தேய்ந்து கெடுகிறது என்றுதானே அர்த்தம்?

---

மழைநகர்_மணி

பீட்டா 1க்குக் கீழே இருந்தால் புதிதிலேயே கெடும் வகை, 1 என்றால் எப்போது வேண்டுமானாலும், 1க்கு மேல் என்றால் தேய்மானம். அதுவரை சரி.

ஆனால் நீங்கள் கெட்ட கம்ப்ரஸர்களை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் டீலரிடம் விற்ற மற்ற வண்டிகளெல்லாம் கெடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றனவே, அவையும் இந்தக் கணக்கில் வர வேண்டும். இன்னும் கெடாதவை, இத்தனை கிலோமீட்டர் தாண்டிவிட்டன என்று தனியாகக் குறித்து உள்ளே போடுங்கள். வாரன்டி காலம் முடிந்ததும் கிளெய்ம் நின்றுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம், அதற்குப் பிறகு கெட்டவை உங்கள் தாளில் வரவே வராது. இவை இரண்டையும் விட்டுவிட்டுப் போட்டால் பீட்டா பெரும்பாலும் உயர்ந்துதான் தெரியும்.

வழக்கமான சர்வீஸுக்கு வரும் வண்டிகளின் ஜாப் கார்டில் கிலோமீட்டர் இருக்குமே, அதிலிருந்து எடுங்கள். முதல் முறை மாட்டியதையும் மாற்றி மாட்டியதையும் ஒன்றாகக் கலக்காமல் இரண்டு வரைபடமாகப் போடுங்கள். மாற்றி மாட்டியதில் பீட்டா 1க்குக் கீழே இறங்கினால், கம்ப்ரஸரைச் சந்தேகப்படுவதற்கு முன் மாட்டும்போது பழைய எண்ணெயை முழுதாக வெளியேற்றினார்களா, சிஸ்டத்தைக் கழுவினார்களா என்று பாருங்கள். போட்டதும் இங்கே பதிவிடுங்கள், ரவியும் பார்க்கட்டும்.

---

ஓரகடம்_ரவி

நானும் பார்க்கிறேன். எந்த மாடல், எந்த டீலர் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள் தீனா, எண்களை மட்டும் போடுங்கள்.